சட்டைக்கு உரியவன்

ஆறு நாற்பதாகியும் பால் வரவில்லை.

யுவராணி வண்டியின் மேல் கட்டியிருந்த தார்ப்பாயை உதறினாள். ராத்திரி மழை மொத்தமாகச் சரிந்து ரோட்டில் விழுந்தது. இஸ்திரிப் பெட்டியைத் திறந்து அடியில் தேங்காய் நாரை வைத்து மேலே கரியைப் பரப்பினாள். கரி நமத்துப் போயிருந்தது. நாலு தீக்குச்சி வீணாகி ஐந்தாவதில் நார் பிடித்தது. அட்டையை எடுத்து வீசினாள். ஐப்பசியில் இப்படித்தான். கரி பிடிக்காது, துணி காயாது. காயாத துணியெல்லாம் அவளிடம்தான் வரும். பெட்டியை வைத்ததும் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். ஒரு சட்டைக்கு இரண்டு சட்டை நேரம் பிடிக்கும்.

கள்ளிக்குப்பத்தின் அந்த அபார்ட்மெண்டில் அறுபத்து நாலு வீடு. நாற்பது வீட்டுத் துணி யுவராணிக்கு வருகிறது. பதினோரு வருஷமாக வண்டி நிற்பது கேட்டுக்கு எதிரே, பூங்காவனத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி. உள்ளே நிற்கும் புங்க மரத்தின் நிழல் பாதி வெளியே விழும். அந்தப் பாதியில்தான் அவள் பிழைப்பு. காலையில் பூங்காவனம் ஒரு சொம்புப் பாலைச் சுவர்மேல் வைப்பாள். யுவராணி டீ போட்டு ஒரு டம்ளரைச் சுவர்மேல் வைப்பாள். இரண்டு பேரும் அவரவர் பக்கம் நின்று குடிப்பார்கள்.

அபார்ட்மெண்ட் நிற்கிற இடம் ஒரு காலத்தில் பூங்காவனத்தின் மாமனார் நெல் போட்டது. அதைப் பற்றி அவள் பேசியதில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று மாடு, ஒரு மகன். மகன் இளங்கோ இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் காண்ட்ராக்டில் லேத் ஓட்டுகிறான். ஆவடி ஃபேக்டரியில் அப்ரெண்டிஸுக்கு எழுதித் தேறியிருந்தான். போலீஸ் சர்டிபிகேட் ஒன்றுதான் பாக்கி. ஒரு கேஸும் இல்லை என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் சேர்ந்துவிடலாம்.

யுவராணி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மாடுகள் கட்டுத்தறியிலேயே நின்று கத்தின. மடி கனத்துப் புடைத்திருந்தது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

வண்டிக்குத் திரும்பி அட்டையை வேகமாக வீசினாள்.

கரி சிவந்த நேரத்துக்குத் தெருமுனையில் பூங்காவனம் வந்தாள். தலை சீவவில்லை. புடவைக் கரை முழங்கால் வரை சேறு.

"யக்கா, இன்னா காலங்காத்தால எங்க போய்ட்டு வர? மாடு கத்திகினு கீது."

"எம்புள்ளைய இட்டுகினு போய்ட்டாங்கடி ராணி."

"யாரு?"

"போலீசு. ரெண்டு பேரு வண்டியில வந்தாங்க. இளங்கோ யாருன்னான். இவன் பல்லு வெளக்கிகினே தோ நான்தான்னு போயி நிக்கிறான். வாடா, விசாரணைன்னாங்க. வாய் கொப்பளிச்சிகினு வரேன் சார்ன்றான். அதுக்குக்கூட உடலடி. நுரையோட வண்டில ஏறிப் போனான்."

"எதுக்காம்?"

"டீச்சரம்மா சங்கிலிய அறுத்தது இவனாம்." பூங்காவனம் சுவரில் கையை ஊன்றினாள். "இவனாம்டி. எருமக்கன்னு செத்ததுக்கு ரெண்டு நாள் சோறு துன்னாதவன்."

யுவராணி பெட்டியை மூடினாள். மூடியின் கொக்கி முதல் தடவை மாட்டவில்லை.

அது செவ்வாய்க்கிழமை நடந்தது. ஐந்தாம் மாடி ஷோபனா டீச்சர் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கொத்தமல்லிக் கட்டோடு நடந்து வந்தாள். பின்னால் பைக் வந்தது. பின்சீட்டில் இருந்தவன் சங்கிலியில் கை போட்டான். டீச்சர் விழுந்து இரண்டடி தூரம் தரையில் இழுபட்டாள். மணிக்கட்டு எலும்பு இரண்டாகிவிட்டது. யுவராணி ஓடிப்போய், மடித்து வைத்திருந்த யாருடையதோ துண்டால் அந்தக் கையைக் கட்டினாள். ஆனால் பைக்கில் போனவர்களை அவள் பார்க்கவில்லை. பதினோரு வருஷமாக அதே இடத்தில் நிற்பவள், அந்த ஒரு நிமிஷம் குனிந்து ஒரு புடவையின் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது தெருமுனையில் புகைதான் இருந்தது.

வியாழக்கிழமை அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடுகிறவர், வேலைக்கு வரும் பெண்கள், இஸ்திரிக்காரர் எல்லாரும் வர வேண்டும் என்று செக்ரட்டரி நிவேதிதா சொல்லி அனுப்பியிருந்தாள். பூங்காவனத்துக்குச் சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அவள் அபார்ட்மெண்டில் குடியிருப்பவளும் இல்லை, வேலை செய்பவளும் இல்லை.

எஸ்.ஐ. ரவிச்சந்திரன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். களைத்த முகம். எட்டு மாதத்தில் இது எட்டாவது சங்கிலி என்றார்.

"எங்ககிட்ட ஆள் கம்மி. தெருவுக்கு ஒரு போலீஸ் நிக்க முடியாது. கேமரா வச்சிருக்கீங்க, நல்லது. ஆனா கேமராவுக்கு ஒருத்தர் பேரும் தெரியாது. பேரு உங்களுக்குத்தான் தெரியும். கேன் போடறவருக்குத் தெரியும். கேட்ல நிக்கிறவருக்குத் தெரியும். இஸ்திரி போடற அம்மாவுக்குத் தெரியும்."

அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். துணி முடிச்சைக் கொடுக்கும்போதுகூட அவள் முகத்தைப் பார்க்காதவர்கள் பார்த்தார்கள்.

வாட்ச்மேன் நடேசன் பின்னாலிருந்து கேட்டார். "தப்பா சொல்லிட்டா சார்?"

"சரியா தப்பான்னு பாக்குறது எங்க வேலை. சொல்றது உங்க வேலை. பேரு வெளிய வராது. அதுக்கு நான் பொறுப்பு."

அன்றைக்கு எல்லாருக்கும் சமோசா கொடுத்தார்கள். யுவராணி தன்னுடையதைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். புருஷன் வரதன் பிய்த்து ஒரு பாதியை அவளுக்கே கொடுத்துவிட்டு, "போலீசே உன்னப் பத்திச் சொல்றாரு. பெரிய ஆளாய்ட்ட போ" என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலை நிவேதிதா ஒரு கையில் துணி மூட்டையும் ஒரு கையில் போனுமாக வந்தாள். விருதுநகர்ப் பெண். ஐ.டி. வேலை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள்.

"யுவராணிக்கா, இந்த வீடியோவ ஒருவாட்டி பாருங்களேன். ரெண்டு பேரும் ஹெல்மெட்டு. மூஞ்சி தெரியல. நம்பரும் சேறு."

பதினோரு வினாடிப் படம். மற்றவர்கள் அதில் முகத்தைத் தேடினார்கள். யுவராணி முகத்தைத் தேடவில்லை. அவளுக்கு யாரையும் முகத்தில் அடையாளம் தெரியாது. தெருமுனையில் ஒருவர் திரும்பினால் முதலில் சட்டை தெரியும். அப்புறம் வீட்டு நம்பர். கடைசியாகத்தான் பெயர். மூன்றாம் மாடிக்காரருக்குக் கழுத்துப்பட்டையில் வியர்வை மஞ்சள். ஏழாம் நம்பர் பையனுக்கு இடது பை கிழிசல். பின்சீட்டில் இருந்தவன் வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தான். வலது தோளுக்குக் கீழே, முதுகில், ஒரு பழுப்பு முக்கோணம்.

"நிறுத்துமா. பெருசு பண்ணு."

வைகாசியில் ஒருநாள் வரதன் துணி கொண்டுபோகும் வண்டியிலிருந்து விழுந்துவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். அவள் பெட்டியைச் சட்டையின் மேலேயே விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது பெட்டியின் மூக்கு அப்படியே துணியில் பதிந்திருந்தது. சட்டை இளங்கோவுடையது. அவள் அழாத குறையாக நின்றாள். அவன் சிரித்தான். 'உடு யக்கா. வேலைக்குப் போட்டுக்கறேன். மிஷின் ஆண்ட எவன் என் முதுக பாக்கப் போறான்?' அதன் பிறகு அந்தச் சட்டை இஸ்திரிக்கு வரவில்லை. பொசுங்கின சட்டைக்கு யார் பெட்டி போடுவார்கள்?

"இது இளங்கோ சட்டை" என்றாள்.

"யாரு, பால்காரம்மா பையனா? நல்லாத் தெரியுமாக்கா?"

"நான் வச்ச சூடு எனக்குத் தெரியாதா?"

சொல்லும்போது அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது. செவ்வாய்க்கிழமை குனிந்திருந்ததற்கு ஒரு ஈடு செய்தது போல. நிவேதிதா அங்கேயே நின்று எஸ்.ஐ.க்குப் போன் போட்டாள். "சார், ஆள் தெரிஞ்சிடுச்சு. இளங்கோ. முதுகுல இருக்க சூடு இஸ்திரிக்கா வச்சதாம்" என்று அவள் சொன்னதை யுவராணி கேட்டாள். தான் சொன்னது சட்டை, போனில் போவது ஆள் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

சனிக்கிழமை பூங்காவனம் மூன்று தடவை ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். ஒன்பது மணிக்கு நிவேதிதா கேட்டில் நின்று போனைக் காட்டினாள். அபார்ட்மெண்ட் குரூப்பில் எழுதியிருந்தாள்: சங்கிலி பறிப்பில் ஒருவர் பிடிபட்டார். தகவல் தந்தவருக்கு நன்றி. கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள்.

"எல்லாம் உங்களுக்குத்தான்க்கா. பேரு போடல."

யுவராணி தலையை ஆட்டினாள். குழந்தை பாவாடை ஒன்றை மூன்றாம் தடவையாக மடித்தாள்.

மதியம் பூங்காவனம் கடைசி நடை முடித்து வந்து, கறக்காத மாட்டைக் கறக்க உட்கார்ந்தாள். யுவராணி எலுமிச்சம்பழச் சோறும் துவையலும் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தாள். கொட்டகையில் ஈரச் சாணி மணம். பால் பச்சைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் விழுந்தது.

"துன்னு யக்கா."

"எறங்கல ராணி. உள்ள உடமாட்டேன்றான். ஜன்னலண்ட நின்னு பாத்தேன். கீழ குந்திகினு கீறான். என்னை பாத்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்டினியான்றான். அந்த நெலமைலயும் மாடு."

"செவ்வாக்கெழம சாய்ங்காலம் எங்க இருந்தானாம்?"

"பூந்தமல்லிக்குப் புண்ணாக்கு வாங்கப் போனான். அதான் சொல்லிகினே கீறான். பில்லு எங்கன்றான் போலீசு. புண்ணாக்குக்கு எவன்டி பில்லு குடுக்கறான்? கடைல கேமரா கீது சார், போய் பாருங்கன்னானாம். பாக்கலாம் பாக்கலாம்ன்றாங்க. திங்கக்கெழம கோர்ட்டுக்கு இட்டுகினு போனா கேசு எழுதிடுவாங்களாம். எழுதிட்டா ஆவடி போச்சி. ரெண்டு வருசமா படிச்சது போச்சி." அவள் காம்பை விட்டாள். "நீ அந்தச் செக்ரட்டரி பொண்ணாண்ட சொல்லேன். அவ சொன்னா எஸ்.ஐ. கேப்பாராம். இவன் பொறந்ததுலருந்து பாக்குறவ இல்ல, பதினோரு வருசமாவது பாக்குற. நல்ல புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

யுவராணி துவையல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு திரும்ப அருகில் வைத்தாள்.

"ஊட்ட சோதன போட்டாங்களா?"

"பீரோவ கலைச்சிட்டாங்க. புளூ சட்ட எங்க, புளூ சட்ட எங்கன்னு. அவனாண்ட நாலு புளூ கீது. எதடா கேக்குறீங்கன்னா சொல்லமாட்டேன்றான். நாலையும் எடுத்துகினு போனான். திரும்பி வந்து, இது இல்ல, இன்னொன்னு கீது, அத்த எங்க ஒளிச்சி வச்சீங்கன்றான். இன்னான்னு சொன்னாத்தானே தேடலாம்?"

"யக்கா." முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் ஒன்னு பொசுக்கிட்டேனே. வைகாசில. அந்தச் சட்ட கீதா?"

"அத்த இப்ப எதுக்குடி கேக்குற? அது ஆடிலயே போச்சி. பழைய துணிக்குப் பிளாஸ்டிக்கு குடுப்பானே, அவன் வந்தான். ஆறு துணி போட்டேன். இவன் கிழியாத சட்டைம்மா, வேலைக்கு ஆவும்னு கத்துனான். போடா, முதுவுல முக்கோணத்தோட போனா எம்மானம் போவுதுன்னேன்." பூங்காவனம் காலால் பக்கெட்டைத் தொட்டாள். "தோ, அந்தப் பக்கெட்டுதான் இது."

பால் நுரை அடங்கி அடியில் பச்சை தெரிந்தது.

யுவராணி எழுந்தாள். பெட்டி காயுது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பெட்டி ஆறித்தான் இருந்தது.

சாயங்காலம் வரதன் துணி முடிச்சுகளை நம்பர் பார்த்து அடுக்கினான். அவள் சொல்லி முடிக்கும் வரை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"நீ பொய்யா சொன்ன? இல்லயே. சட்ட அவன்துதானே."

"சட்ட அவன்து. உள்ள இருந்தவன் அவன் இல்ல."

"அது போலீசு பாத்துக்கும். அவரே சொன்னாரில்ல, சரி தப்பு பாக்குறது அவரு வேலன்னு. புண்ணாக்குக் கட கேமராவ பாப்பாங்க, உட்டுடுவாங்க."

"எப்ப பாப்பாங்க? கேசு எழுதின பிறகா?"

"ராணி, கொஞ்சம் யோசி." அவன் குரலைத் தாழ்த்தினான். "இப்ப போயி தப்புன்னு சொன்னா அபார்ட்மெண்டுல இன்னா நெனப்பாங்க? இந்தம்மா பேச்சு நம்ப முடியாதும்பாங்க. பூங்காவனம் செவுரோரம் நிக்க உடுவாளா? ரெண்டு பக்கமும் போவும். வாயத் தொறக்காம இருந்தா ரெண்டும் நிக்கும்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவள் அதை முழுசாக யோசித்துப் பார்த்தாள். வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு போவது என்றுகூட யோசித்தாள். அடுத்த தெருவில் ஏற்கெனவே ஒருவன் சிலிண்டர் கேஸில் எரியும் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறான்.

"வைகாசில நீ உழுந்து காலு பிசகினப்போ உன்னைத் தூக்கி உக்கார வச்சது யாரு? இளங்கோதானே?" என்று கேட்டாள்.

வரதன் திரும்பிக்கொண்டான். முடிச்சுகளை வண்டியில் கட்டத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை யுவராணி நிவேதிதாவின் வீட்டு மணியை அடித்தாள். இரண்டாம் மாடி வரை அவள் இதுவரை ஏறியதில்லை. வரதன்தான் துணி கொண்டுவருவான். நிவேதிதா பல் துலக்கும் பிரஷோடு கதவைத் திறந்தாள். முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"குரூப்ல போட்டுட்டேனேக்கா."

"அழிச்சிடுமா."

"எல்லாரும் பாத்துட்டாங்க." பிரஷை டீப்பாயின் மேல் வைத்தாள். "நானும் ஆள்னுதான சொன்னேன். சட்டை மட்டும்தான் தெரிஞ்சதுன்னு சொல்லலையே. இருங்க, முகம் கழுவிட்டு வாரேன்."

ஸ்டேஷனுக்கு அவளே ஸ்கூட்டரில் கூட்டிப் போனாள். மழை தூறியது. வாசலில் பிடிபட்ட பைக்குகள் சேற்றில் சாய்ந்து நின்றன. எஸ்.ஐ. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"பழைய துணில போயிடுச்சா? நேத்து அந்தம்மாவ கேட்டோமே, தெரியாதுன்னாங்களே."

"எந்தச் சட்டன்னு நீங்க சொல்லல சார். நாலு புளூ சட்ட கீது அவங்க ஊட்ல."

"எப்படிச் சொல்றது? முதுகுல சூடு வச்ச சட்டைன்னு கேட்டா அடுத்த நிமிஷம் அவங்களுக்குத் தெரியாதா, சூடு வச்சது யாரு, சொல்லிக் குடுத்தது யாருன்னு? உன் பேரு வரக்கூடாதுன்னுதான் நாங்க அந்தக் கறையப் பத்தி வாயே தொறக்கல. அந்தப் பையன்கிட்டகூட கேக்கல."

சுவரோரம் ரைட்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"இப்ப வந்து தப்புன்னு சொல்ற. நேத்து ராத்திரி யாராவது வந்து உன்ன மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"அந்தம்மா அழுதாங்க, மனசு கேக்கல. அதான?"

"அழுதாங்க சார். அதுக்காக வரல. நான் படத்துல ஆள பாக்கவே இல்ல. சட்டயத்தான் பாத்தேன். ஆளுன்னு சொன்னது என் தப்பு."

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "சரி. சட்டை எப்ப போச்சு, யார்கிட்ட போச்சுன்னு அந்தம்மா எழுதிக் குடுக்கணும். நான் ஆள் அனுப்பமாட்டேன். எதுக்குக் கேக்குறோம்னு நீயே போய்ச் சொல்லிக் கூட்டிகிட்டு வா. சொல்ல முடியுமா?"

நிவேதிதா "நானும் வரேன்க்கா" என்றாள். யுவராணி வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

பூங்காவனம் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தென்னந்துடைப்பத்தால் சாணித் தண்ணீரைக் கால்வாய்ப் பக்கம் தள்ளினாள். யுவராணி மாட்டின் மறுபக்கம் நின்றாள்.

"யக்கா, எஸ்.ஐ.யாண்ட போய் வந்தேன்."

"உட்டுடுவாங்களா?"

"நீ வந்து எழுதிக் குடுக்கணுமாம். அந்தப் பொசுங்கின சட்ட ஆடில போச்சின்னு. சங்கிலிய அறுத்தவன் அத்த போட்டுகினு இருந்தான். கேமரால உழுந்து கீது."

"அந்தச் சட்டதான் எம்புள்ளதுன்னு அவங்களுக்கு யார்டி..." பூங்காவனம் நிமிர்ந்தாள்.

"நான்தான் சொன்னேன்."

துடைப்பம் நின்றது.

"வெள்ளிக்கெழம. அந்தப் பொண்ணு போன்ல படத்தக் காட்டிச்சி. சூட்ட பாத்ததும் தெரிஞ்சிபோச்சி. இளங்கோ சட்டைன்னேன். நேத்து நீ பக்கெட்ட காட்ற வரைக்கும் எனக்குத் தெரியாது யக்கா. தெரிஞ்சும் ராத்திரி பூரா சொல்லல."

மாடு வாலை வீசியது. பூங்காவனம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். தொட்டித் தண்ணீரில் கால் கழுவினாள். கை கழுவினாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கதவைப் பூட்டினாள். யுவராணி திட்டை எதிர்பார்த்தாள். அறையைக்கூட எதிர்பார்த்தாள். இரண்டும் வரவில்லை.

ஷேர் ஆட்டோவில் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் வழியில் ஒருவர் கீரைக் கட்டோடு ஏறினார். இறங்கும் வரை அவர்தான் பேசினார். மழை, ஏரி, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது. பூங்காவனம் அவருக்கு உம் கொட்டினாள்.

ரைட்டர் எழுதினார். படித்துக் காட்டினார். ஆடி மாதம் என்பதற்கு ஆங்கிலத் தேதி கேட்டார். பூங்காவனம் ஆடிப் பெருக்குக்கு மறுநாள் என்றாள். பழைய துணிக்காரனின் பெயர் தெரியாது, எம்.எண்பது மொபெட்டில் வருவான், மைக்கில் ஆண் குரல் இல்லை, பெண் குரலைப் பதிந்து வைத்திருப்பான் என்றாள். அதையும் ரைட்டர் எழுதினார். கையெழுத்துப் போட்டாள். எஸ்.ஐ. ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, "பூந்தமல்லி போய் அந்தப் புண்ணாக்குக் கடை கேமராவ பாத்துட்டுப் போன் பண்ணு. இப்பவே" என்றார்.

வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை பூங்காவனம் எழுந்து போய் ஜன்னலில் பார்த்து வந்தாள். ஒரு தடவை யுவராணி போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். பூங்காவனத்தின் டீ பெஞ்சின் மேல் ஆடை கட்டி ஆறியது.

பன்னிரண்டரைக்கு எஸ்.ஐ.யின் போன் அடித்தது. சங்கிலி போன அதே ஐந்தே முக்காலுக்கு இளங்கோ பூந்தமல்லியில் கடை வாசலில் மூட்டையை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு அறுந்து மறுபடி கட்டியதுவரை கேமராவில் இருந்ததாம்.

இளங்கோ வெளியே வந்தான். ஒரு காது சிவந்து வீங்கியிருந்தது. பெல்ட்டைத் தேடி மாட்டினான். யுவராணியைப் பார்த்ததும், "யக்கா, நீயும் வந்தியா? கட போச்சே உனக்கு" என்றான்.

அவளால் அவன் காதைப் பார்க்க முடியவில்லை. பூங்காவனம் மகனின் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

எஸ்.ஐ. வாசல் வரை வந்தார். "தம்பி, உன் சர்டிபிகேட்டுல இது வராது. நான் பாத்துக்கறேன். அந்தச் சட்டை யார்கிட்ட போச்சோ அங்கருந்து தேடறோம். அந்த வகைல இந்தத் தகவல் வீண் இல்ல." யுவராணியின் பக்கம் திரும்பினார். "இதுக்காகப் பயந்துட்டு சும்மா இருந்துடாதம்மா. நாளைக்கும் ஏதாவது கண்ணுல பட்டா சொல்லணும்."

"சட்டய பாத்தா சட்டைன்னு சொல்றேன் சார். ஆள பாத்தா ஆளுன்னு சொல்றேன்."

"அது போதும்."

இளங்கோ அந்த வார்த்தைகளைக் கேட்டான். அவளையும் எஸ்.ஐ.யையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"போய் உன் செல்போன வாங்கிகினு வாடா. ரைட்டராண்ட கீது" என்று பூங்காவனம் அவனை உள்ளே அனுப்பினாள்.

தூறல் விட்டிருந்தது. எதிரே டீக்கடையில் வடைச் சட்டி சீறியது. பஸ் ஒன்று ஆவடிப் பக்கம் போனது. இருவரும் வாசல் படியில் நின்றார்கள். பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நேற்றுக் காலையிலிருந்து முதல் தடவையாக யுவராணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போலீசாண்ட சொன்ன, சரி. டீச்சரம்மா கைய நானும்தான் பாத்தேன், சொல்லத்தான் வோணும். அதுக்கு மின்னாடி, யக்கா அந்தச் சட்ட எங்கன்னு என்னாண்ட ஒரு வார்த்த கேக்கணும்னு உனக்குத் தோணவே இல்லியா ராணி?"